நாலரை டன் கனவு

சாகும்வரை இனி எந்தப் பரீட்சையும் எழுதுவதில்லை என்று நெவில் சபதம் செய்தபோது அவருக்கு வயது பதினேழு. கார் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்று, நாலாவது முறை தேர்வு அதிகாரிக்கே அலுத்துப்போய் அவரைத் தேற வைத்த நாள் அது. நாற்பத்திரண்டு வருடம் சபதத்தைக் கட்டிக் காத்தார். அதைச் சோதிக்க இப்போது ஒரு பழைய லாரி வந்து வாசலில் நின்றது.

ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்து ஊர்களுக்கெல்லாம் புத்தகம் சுமந்துபோன நடமாடும் நூலகம் அது. உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் அதை ஏலம் விட்டது. போட்டிக்கு ஆளே இல்லாத ஏலத்தில் நெவில் இரண்டு முறை கை தூக்கினார், தன்னையே எதிர்த்து. ஆணியும் திருகாணியும் விற்கும் கடையில் முப்பத்தைந்து வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர் அவர். சாலை என்பது எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்காகவோ போய்க்கொண்டிருந்தது. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இனி அது தனக்காகவும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்குக் கூட்டம் வரும்போது கடலோரச் சாலையில் லாரியை ஓட்டிப் போவார். இடது பக்கம் கடல். வலது பக்கம் அறுவடை முடிந்த பார்லி வயல். ஒவ்வொரு ஊர்ப் படகுத்துறையிலும் நிறுத்திச் சுடச்சுடப் பாஸ்டி விற்பார். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவில் மடித்துச் சுடும் அந்தப் பண்டத்தில் அவர் மனைவி ரேலீனை மிஞ்ச போர்ட் ஆல்டன் ஊரிலேயே ஆள் கிடையாது. அந்தக் கனவில் ரேலீனும் உண்டு. வீட்டில், அடுப்பு முன்னால்.

“இதை ஓட்ட உன் லைசென்ஸ் போதுமா, நெவ்?” என்று கேட்டாள் ரேலீன், லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து.

“கார் லைசென்ஸ்ல நாலரை டன் வரைக்கும் ஓட்டலாம். பப்ல எல்லாரும் சொல்றாங்க.”

“பப்ல சொன்னது சரிதான். இது எத்தனை டன்?”

“பார்த்தாலே தெரியலையா? குட்டி வண்டி.”

“நாலரைக்கு மேல போனா பெரிய வண்டி லைசென்ஸ் எடுக்கணும். ஒரு கையேடு இருக்கு, அதைப் படிச்சு ஒரு பரீட்சை...”

“அந்த வார்த்தையைச் சொல்லாத ரே. நெஞ்சு படபடங்குது.”

ரேலீன் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்தவள். சலவை இயந்திரம் வந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன் கையேட்டைப் படிப்பாள். நெவில் பெட்டியோடு கையேட்டையும் குப்பையில் போடுவார். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியம் இந்த ஏற்பாட்டில் குறையில்லாமல் ஓடியது. அன்றும் அவள் லாரியின் கதவைத் திறந்து, எதையோ குனிந்து படித்தாள். நெவில் அதைக் கவனிக்கவில்லை. அவர் அப்போது மனதுக்குள் மூன்றாவது படகுத்துறையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கொலின் இருபது வருடம் கோதுமை லாரி ஓட்டியவன். இப்போது ஊர்க்கோடித் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறான். அவனே லாரியை ஓட்டிப்போய் மேடையில் ஏற்றினான். பிறகு நெவிலை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து எடை பார்த்தான்.

“நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிலோ. உன்னையும் சேர்த்து.”

“என்னை ஏன்டா சேர்த்தே?”

“பின்ன, வண்டி தானா ஓடுமா?”

“அப்ப நானூத்து இருபது அதிகம். குறைச்சுட்டாப் போச்சு!”

கொலின் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் ஒரு ஈ போயிருக்கும். மூடிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து குறைப்பு ஆரம்பமானது. முதலில் புத்தக அலமாரிகள் போயின. அடுத்த வாரம் உபரிச் சக்கரம், ஜாக்கி. அதற்கடுத்த வாரம் பயணி இருக்கை. முன்பக்கத்து இரும்புத் தடுப்பையும் ஒருநாள் கழற்றிக் கோழிக் கொட்டகைமேல் சாத்தினார். லாரி நாளுக்கு நாள் மொட்டையானது. நெவிலின் கனவோ நாளுக்கு நாள் அடர்ந்தது.

“அடுப்பை எங்க வைப்ப?” என்றாள் ரேலீன்.

“பின்னால டிரெய்லர்ல.”

“பாஸ்டி?”

“மடியில.”

“வாங்கறவங்க நிக்கவாவது இடம் இருக்குமா, இல்ல பூமியையும் கொஞ்சம் கழட்டப் போறியா?”

கழற்றியதெல்லாம் போக எடைமேடை நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு காட்டியது. இனி கழற்ற எஞ்சின்தான் பாக்கி. நெவில் முள்ளைப் பார்த்தார். தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். சட்டைப் பொத்தான்களைப் பல வருடமாகச் சித்திரவதை செய்துவந்த அந்தத் தொப்பையில் பதினேழு கிலோ தாராளமாகத் தேறும் என்று தோன்றியது.

“நான் இளைக்கப் போறேன்,” என்று வீட்டில் அறிவித்தார்.

“ஐயோ, எதுக்கு செல்லம்? உடம்பை வருத்திக்காத,” என்றாள் ரேலீன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முன்னால் ஒரு தட்டு நிறைய லெட்டூஸ் இலை இருந்தது.

பத்து வாரம் நெவில் இலை தின்றார். ரேலீன் பாஸ்டியைச் சுட்டுச் சுட்டுப் பதம் பார்த்தாள், வேலிக்கு மேலே கொலினிடம் நீட்டினாள். வாசனை மட்டும் நெவிலுக்கு. பீர் நின்றது. காலையில் கடற்கரையில் இரண்டு மணி நேர நடை. அவர் உண்மையாகவே விரும்பியது அந்த நடையைத்தான். நீர் வற்றி அரை மைல் உள்ளே போயிருக்கும். ஈர மணல் வானத்தின் நிறத்தில் கிடக்கும். கூழைக்கடா ஒன்று படகுத்துறைத் தூணில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நெவில் கண்ணைப் பாதி மூடியபடி நடப்பார். கைகள் தாமாகவே ஸ்டீயரிங் பிடித்திருக்கும். வளைவு வந்தால் தோள் சாயும். மேலே சாலையில் எங்கோ ஒரு எஞ்சின் உறுமுவது கேட்கும். அது தன் கனவுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று நினைத்து, அவர் மனதுக்குள் கியர் மாற்றுவார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எங்கேயும் போனதில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முள் நாலாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது. கொலின் அவர் முதுகில் தட்டினான். “டேய், சாதிச்சுட்டே!” என்றான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு நெவில் நேரே லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனார். பாஸ்டி விற்கக் கவுன்சில் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஓட்டுபவரின் லைசென்ஸ் விவரம் கேட்டிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எதுக்கு நெவ்?”

“நாலரை டன்னுக்கு ஒரு கிலோ கம்மி. என் கார் லைசென்ஸே போதும்னு எழுதிக் குடு.”

“வண்டி இப்ப எவ்வளவு கனக்குதுங்கறது கணக்கே இல்லையே. சரக்கு ஏத்தினா மொத்தம் எவ்வளவு வரைக்கும் போகலாம்னு கம்பெனிக்காரன் தகடு அடிச்சிருப்பான், கதவுக்கு உள்பக்கம். அதுதான் கணக்கு. உன் லாரிக்கு ஆறரை டன். நீ சக்கரம் நாலை மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் கழட்டினாலும் சட்டப்படி அது ஆறரை டன் வண்டிதான்.”

நெவில் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

“அப்ப என் தொப்பை?”

“அதுக்கு இங்க படிவம் இல்ல நெவ்.” அவள் இரக்கத்தோடு சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “எதுக்குக் கவலைப்படறே? ஊரே வாழ்த்துதே, உனக்குத் தெரியாதா? போன புதன்கிழமை ரேலீன் பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்துட்டாளே! எழுத்துப் பரீட்சையில ஒரு கேள்விகூடத் தப்பில்ல.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது லாரி பழைய லாரியாக நின்றது. அலமாரிகள் திரும்பி வந்திருந்தன. கோழிக் கொட்டகையிலிருந்து இரும்புத் தடுப்பும் வந்திருந்தது. கொலின் அதை முடுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் இருக்கையில் ரேலீன். ஒரு கையால் கண்ணாடியைச் சரிசெய்தபடி, பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தவளைப் போல இருந்தாள்.

“எப்பக் கத்துக்கிட்டே?”

“நீ காலையில நடக்கப் போற நேரத்துல. கொலின்தான் பக்கத்துல இருந்தான். ரெண்டு தடவை உன்னைத் தாண்டித்தான் போனேன். ஹாரன்கூட அடிச்சேன். நீ கடலைப் பார்த்துக் கையாட்டினே.”

“பக்கத்துல எங்க உட்கார்ந்தான்? சீட்டைத்தான் கழட்டிட்டேனே!”

“தினம் மாட்டித் தினம் கழட்டினேன்டா,” என்றான் கொலின், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“தகடு விஷயம் உனக்கு எப்பத் தெரியும், ரே?”

“வண்டி வந்த அன்னிக்கே.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா? உடம்பைக் குறைன்னு ஆறு வருஷமா டாக்டர் கெஞ்சினாரு. நானும் கெஞ்சினேன். நீ கேட்டியா? ஒரு லாரிக்காகப் பத்து வாரத்துல பதினேழு கிலோ.” ரேலீன் கீழே இறங்கி வந்தாள். அவருடைய தொளதொளத்த சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் கை வைத்தாள். “இன்னும் இருபது வருஷமாவது நீ எனக்கு வேணும் நெவ். அவ்வளவுதான்.”

கோபப்படலாம் என்று வழியெல்லாம் நெவில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அகப்படவில்லை. இவ்வளவு ஆசையாக யாரும் அவரை ஏமாற்றியதில்லை.

“சரி,” என்றார். “ஓட்டறது நீ. அப்ப நான் என்ன பண்றது?”

“உன்னை விடுவேனா? கவுன்சில் தாள்ல உன் பேரும் இருக்கு. சாப்பாடு விக்கறவங்களுக்கும் சட்டப்படி பயிற்சி கட்டாயமாம், உன் பேரைப் பதிஞ்சுட்டேன். இன்னிக்கே ஆரம்பம்.”

தன் போனைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ரேலீன் ஏறி உட்கார்ந்து, லாரியை ஒரே வீச்சில் பின்னால் எடுத்துச் சாலைக்குத் திருப்பினாள். அது கடற்கரைப் பக்கம் மறையும்வரை நெவில் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்:

“பாடம் ஒன்று: சோப்பு போட்டுக் கை கழுவுவது எப்படி? (பாடத்தின் முடிவில் பரீட்சை உண்டு.)”