டொம் அண்ணாச்சி தூவிய உப்பு

தூத்துக்குடியில் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதர் டொம் அண்ணாச்சிதான். துறைமுக ரோட்டில் கார் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். கதவு, தர்பூசணி, தண்ணீர்த் தொட்டி, எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். ஒருமுறை டாக்டர் அவர் நெஞ்சைத் தட்டியபோது, "அங்கன இல்ல சார், ரெண்டு விரக்கடை கீழ தட்டுங்க, நாதம் நல்லா வரும்" என்றாராம். டாக்டரும் தட்டினாராம்.

நான் அவரிடம் போனது அப்பாவுக்காக. தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அப்பாவின் குரல் வெறும் கிசுகிசுப்பாகிவிட்டது. அவருடைய பழைய காரோ வேகம் நாற்பதைத் தொட்டதும் அண்டாவைப்போல 'டொம்ம்ம்' என்று முழங்கும். வேறு காரில் ஏறவும் மாட்டார். "என்னப்பா? என்னப்பா?" என்று நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் காரில் பேசுவதையே விட்டுவிட்டார். அப்பா பெரிய வாயாடி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணாச்சி இன்ஜினை உறுமவிட்டார். முழக்கம் வந்ததும் ஒரு கை உப்பை அள்ளிக் காரின் கூரைமேல் வீசினார். உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று காருக்குப் போர்வை போர்த்துகிற ஊர் இது.

"அண்ணாச்சி! என்ன செய்யுதிய?"

"சத்தம் போடாதிய. கூரையப் பாருங்க."

உப்பு பொரி மாதிரி துள்ளியது. நடுக்கூரையில் ஒரு கல் மிச்சமில்லாமல் ஓரத்துக்கு ஓடியது.

"பாத்தியளா? உப்பு நிக்காத இடந்தான் கத்துது. அதுக்கு மட்டும் வைத்தியம் பாத்தாப் போதும்."

சாக்பீஸால் வட்டம் போட்டார். மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வட்டத்துக்கு நேர் உள்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, அதிர்வை அடக்கும் தார் ஷீட் ஒட்டினார். அவ்வளவுதான் வேலை.

ஊருக்கு வெளியே புதுக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பின்சீட்டில் அண்ணாச்சி, கூரையில் காதை ஒட்டியபடி. முன்னால் என் பக்கத்தில் அப்பா. நாற்பது வந்தது. முழக்கம் வரவில்லை. அப்பாவும் பேசவில்லை. பழக்கமே விட்டுப்போயிற்றோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்புறம் கேட்டது அப்பாவின் கிசுகிசுப்பு, தெளிவாக:

"ஏலே, கிளட்ச்ல இருந்து காலை எடு. எத்தனை மாசமாச் சொல்லுதேன்!"

"ஐயா சொல்லுதது சரிதான்" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

வீடு திரும்பும்வரை அப்பா வாயை மூடவில்லை. முழுக்கத் திட்டுத்தான். எனக்குக் கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன்.

எந்த டாக்டர் எங்கே தட்டினாலும் டொம் அண்ணாச்சியின் நெஞ்சு நல்ல நாதமாகவே கேட்க வேண்டும்.