மாமனார் பேசிய மத்தியானம்

பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஒலியியல் நடத்துகிறவன் நான். என் வீட்டு ஹோம் தியேட்டரில் ஒரு ஸ்பீக்கரின் ஒயரை நான்கு வருஷமாக மாற்றிச் சொருகியிருந்தவனும் நானேதான். (மாணவர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

படம் பார்க்கும்போது இந்தத் தப்பு தெரியாது. குண்டு வெடித்தால் வெடித்த மாதிரிதான் இருக்கும். பாட்டு போட்டால்தான் வினை. பாடுகிறவர் எங்கே நின்று பாடுகிறார் என்றே பிடிபடாது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ பாடுவது போலிருக்கும்.

பெரம்பலூர் வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே அடைந்து கிடந்த ஒரு கோடை விடுமுறையில் இதைச் சரிசெய்ய இறங்கினேன். மூலைக்கொன்றாகத் தொங்கிய குட்டி ஸ்பீக்கர்களின் வாயை அடைத்தேன். பாட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு போதும். அவற்றைச் சுவரை விட்டு இழுத்து, காது உயரத்துக்கு ஸ்டூல் போட்டு, அடியில் உரச்சாக்கை மடித்து வைத்தேன். ஒயரையும் சரியாக மாற்றினேன். பாட்டைப் போட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு ஆள் நின்று பாடினார். எழுந்துபோய் அந்த இடத்தில் கையை வீசிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

இந்த வித்தையை நாலு பேருக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. வாய்ப்பு, என் மாமனாரின் வருஷத் திதியாக வந்தது.

அவர் ஆண்டிமடத்தில் முந்திரிக்காடு வைத்திருந்தவர். டைப் செய்யத் தெரியாததால் என் மனைவி கவிதாவுக்குப் போனில் குரல் செய்தியாகவே அனுப்புவார். அதில் ஒன்றைப் படையலின்போது போடலாம் என்றேன். கவிதா யோசித்தாள்.

"அந்த ஒண்ண மட்டும் போடுங்க. அடுத்ததுக்குப் போயிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். (தெரியாது.)

ஆண்டிமட வீட்டுக் கூடத்தில், மாமனார் எப்போதும் உட்காரும் ஒயர் நாற்காலியில் அவர் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். நான் அதற்கு இரண்டு பக்கமும், பெரம்பலூரிலிருந்து தூக்கி வந்த ஸ்பீக்கரை நிறுத்தி, டேப் பிடித்து அளந்தேன். கவிதாவின் போனை இணைத்து, சார்ஜ் போட்டு, படத்துக்குப் பின்னால் வைத்தேன். கற்பூரம் காட்டியாயிற்று. உறவுக்காரர்கள் இருபது பேர் எதிரே உட்கார்ந்திருக்க, செய்தியைத் தட்டிவிட்டு வந்து கவிதா பக்கத்தில் நின்றேன்.

முதலில் மாமனார் செருமினார். அந்தச் செருமல் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் குரல் வரவில்லை. நாற்காலியிலிருந்து வந்தது.

"பாப்பா, அப்பா பேசறேன். நல்லாருக்கீங்களா எல்லாரும்? நான் நல்லாருக்கேன்."

ஊதுவத்திப் புகை நாற்காலிக்கு முன்னால் அசையாமல் நின்றது. என் மாமியார் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கே பயமாக இருந்தது என்றாலும், ஒலி இவ்வளவு துல்லியமாக வந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

செய்தி முடிந்தது. முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாப்பா, மாப்ள பக்கத்துல இருந்தா இத அப்பறமா கேளு."

இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின.

"மாப்ள தங்கமான மனுசந்தான். அந்தப் பாட்டுப் பொட்டிய மட்டும் நோண்ட வாணாம்னு சொல்லு. போன தடவ வந்தப்ப போட்டுக் காட்டுனாரு. கெணத்துல யாரோ வுழுந்து கத்துற மாதிரி இருந்துச்சு. பாவமேன்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கவிதா என் கையைக் கிள்ளினாள். போன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் அவர் தோளுக்கு மேலே கை நீட்ட வேண்டும். இயற்பியல் வாத்தியாருக்குக் கால் எழவில்லை.

அதற்குள் மூன்றாவது செய்தி.

"பாப்பா, ஒங்க சித்தப்பன் வரப்ப ரெண்டடி நகத்திப்புட்டான். நான் கேட்டுக்கல. தம்பியாச்சே."

முன்வரிசையில் இருந்த சின்ன மாமனார் வெளிறிப்போனார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

நாற்காலி பெருமூச்சு விட்டது. "அவனா வந்து சொல்லுவான்னு பாத்தேன்."

"அண்ணே!" சின்ன மாமனார் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தப்புதாண்ணே. அடுத்த வாரமே அளந்து வுட்டுடறேண்ணே!"

மூன்று நொடி அமைதி. பின்னணியில் எப்போதோ, எந்த மரத்திலோ கத்திய காகம் ஒன்று இப்போது கூடத்துக்குள் கத்தியது.

"சரி, போவட்டும்" என்றது நாற்காலி. "வச்சுடவா?"

என் மாமியார், முப்பத்தைந்து வருஷமாக அவருக்குப் பதில் சொல்லிவந்த அதே சலிப்போடு, "ம், வைங்க" என்றார்.

அதோடு செய்திகள் தீர்ந்தன. போன் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, பழைய பதிவுதான் என்று கடைசியில் நான் விளக்கிச் சொன்னேன். கவிதா உட்பட ஒருவரும் காதில் வாங்கவில்லை. சின்ன மாமனார் இலையில் உட்கார்ந்தாரே தவிர சோற்றைத் தொடவில்லை. சொன்னபடி அடுத்த வாரமே சர்வேயர் வந்து, வரப்பு பழைய இடத்துக்குப் போனது. "ஒங்க பொட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று மாமியார் எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் பள்ளிக்கூடம் போன பிறகு முதல் செய்தியை மட்டும் கவிதாவைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தத் தகராறு என்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. போன மாதம் குன்னத்திலிருந்து கவிதாவின் ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டான். "மாமா, இங்க பாகப்பிரிவினை பேச்சு இழுத்துக்கிட்டே போவுது. பொட்டியத் தூக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

ஆனால் எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் யாருக்கும் குரல் செய்தி அனுப்புவதில்லை. எழுதத் தெரியாத சின்ன மாமனார்கூட, என்ன கேட்டாலும் ஒரு ரோஜாப்பூ படத்தை மட்டும்தான் அனுப்புகிறார்.