மேட்டுப்பாளையம் ரயிலைத் தின்ற மாமா

காபி வருவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா லட்சுமணசாமி ஒரு நோட்டை எடுத்து வந்து தீபக்கின் மடியில் வைத்தார்.

"ஒரே ஒரு கணக்குங்க தம்பி. இதை முடிச்சுபோட்டு மத்ததப் பேசிக்கலாம்."

தீபக்குக்கு முப்பத்து நான்கு வயது. துடியலூரில் சொந்த லேத் பட்டறை, பொறியியல் பட்டம், ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. பெண் பார்க்க வந்ததில் இது பத்தொன்பதாவது வீடு. மற்ற வீடுகளில் சம்பளம் கேட்டார்கள், கார் கேட்டார்கள். ரயில் கேட்டது இங்கேதான். வாசலில் 'ரயில்வே தேர்வுக்குப் பயிற்சி' என்று போர்டு தொங்கியதால் அவனுக்கு அது பெரிய ஆச்சரியமாகவும் இல்லை.

கோவையிலிருந்து ஒரு ரயில் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பதினாறு நிமிடம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொன்று இருபத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. இடைத்தூரம் முப்பத்தாறு. முதல் ரயில் கிளம்பிய எத்தனையாவது நிமிடத்தில் சந்திக்கும்?

தீபக்கோடு வந்திருந்த மாமா கந்தப்பன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அது ஒத்தத் தண்டவாளமுங்க. எதுத்தாப்புல வந்தா மோதிப்போடுமே."

"சரிங்க. எத்தனையாவது நிமிசத்துல மோதும்?"

அம்மா பழனியாத்தாள் மகனின் தொடையைக் கிள்ளினாள். தீபக் நோட்டுக்கு அடியில் போனை வைத்துப் படம் எடுத்து, நண்பன் ஜாவித்துக்கு அனுப்பினான். பதில் குரல் செய்தியாக வந்தது. தொட்டதும் கூடம் முழுக்கக் கேட்டது.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல என்னடா எட்டாங்கிளாஸ் கணக்கு? எந்திரிச்சு ஓடியாந்துரு."

லட்சுமணசாமி மரியாதையாகப் போனை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

தீபக் முன்னால் இருந்த பலகாரத் தட்டைத் தண்டவாளமாக்கினான். இந்த ஓரம் ஒரு முறுக்கு, அந்த ஓரம் ஒரு முறுக்கு. கோவை முறுக்கைப் பதினாறு நிமிடத் தூரம் நகர்த்திவிட்டு நிமிர்ந்தால், மேட்டுப்பாளையத்தைக் காணவில்லை.

"மாமா, அது ரயிலு."

"உப்புக் கம்மி" என்றார் மாமா.

தட்டில் வேறு முறுக்கு இல்லை. அம்மா ஒரு வாழைப்பழத்தை வைத்தாள். அது தானாகவே உருண்டு பெரியநாயக்கன்பாளையம் வரை வந்துவிட்டது. சம்பந்தம் கைவிட்டுப் போகிறது என்று அவள் மருதமலை முருகனுக்கு முடி நேர்ந்தாள், மகனின் முடியை.

கடைசியில் பட்டறைதான் கை கொடுத்தது. ஓர் இரும்பு ராடை இரண்டு முனையிலிருந்தும் துளை போடுவதாக நினைத்துக்கொண்டான். ஒரு பக்கம் முன்பே பன்னிரண்டு போய்விட்டது. மீதி இருபத்து நான்கு. இரண்டும் சேர்ந்து மணிக்கு எழுபத்திரண்டு. அதற்கு இருபது நிமிடம். பதினாறும் இருபதும் முப்பத்தாறு.

லட்சுமணசாமியின் கண் கலங்கியது. படிப்படியாக, அடித்தல் இல்லாமல் எழுதித் தரச் சொன்னார். தீபக் பக்கத்தைப் புரட்டினான். பக்கத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கையெழுத்து. பெண்ணைப் பார்க்கும் அவசரத்தில் அவன் அதை யோசிக்கவில்லை.

எழுதி முடித்தபோது ராகு காலம் பிறந்திருந்தது. இனிப் பெண்ணைக் காட்ட முடியாது, இன்னொரு நாள் சொல்லி அனுப்புகிறேன் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார் லட்சுமணசாமி. இத்தனை நேரம் உட்காரவைத்த வீடு வேறில்லை, இது முடிந்த மாதிரிதான் என்றார் மாமா.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி சென்னியம்மாளிடம், பெண் வர்ஷினி உள்ளேதான் இருக்கிறாளா என்று தீபக் கூச்சத்தோடு கேட்டான்.

"அம்மணி தையிலயே கண்ணாலமாகி மதுக்கரைக்குப் போயிருச்சுங்க, அய்யனோட டியூசனுக்குத்தான் இன்னும் பதினொரு கணக்குக்கு மாப்பிள்ளை வரோணும்."