கஞ்சி போட்ட கித்தான்

ஐப்பசி பிறந்த அன்று காலை, பல் விளக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். என் ஜீப்பை என் கையாலேயே சரிசெய்வேன். வெளியாள் விரல்கூட அதன்மேல் படாது.

சபதத்தை மனசுக்குள் எடுத்திருக்கலாம். வாயில் நுரையோடு, அடுப்படிப் பக்கம் திரும்பி, உரக்க எடுத்துத் தொலைத்தேன்.

ஜீப் ஏலத்தில் எடுத்தது. கூரை கித்தான் துணி. இடது இருக்கைக்கு நேர் மேலே ஒரு சாண் கிழிசல். அந்த இருக்கை என் மனைவி தெய்வநாயகியுடையது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக். கீறல் விழுந்து விழுந்து, உள்ளே இருப்பது தணிகாசலமாகிய நானா அரிசி மூட்டையா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. எதிரே வருவது பஸ்ஸா வைக்கோல் வண்டியா என்று எனக்கும் தெரியாது.

"இன்னா சொன்னீங்க?" என்று கையில் கரண்டியோடு வந்தாள்.

"ஜீப்ப நானே ரிப்பேர் பண்றேன்னேன்."

"போன வருசம் குழாய ரிப்பேர் பண்ணீங்களே, அந்த மாதிரியா?"

"அது வேற."

"மூணு நாளு தெருவே நம்ம வூட்டுத் தண்ணியிலதாங்க குளிச்சிது."

"அதான் சொல்றேன், அது வேற."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் பேச்சு முற்றுகிறது என்று அர்த்தம்.

"சரிங்க. வர ஞாயித்துக்கெழம சேத்துப்பட்டுல என் தங்கச்சி வூட்டுப் புதுமனை. இந்த வண்டியிலதான் போறோம். வழியில என் புடவ மேல ஒரே ஒரு சொட்டு வுழுந்துதுன்னா வண்டிய வித்துடணும்."

"விழலன்னா?"

"விக்கற பேச்ச இனிமே எடுக்க மாட்டேன். ஆனா வெளியாள் கை படாதுன்னு நீங்களே சொன்னீங்க. பட்டுதுன்னு தெரிஞ்சா சாவி என் கைக்கு வரணும்."

"சாவிய வெச்சிகினு நீ இன்னா பண்ணுவ?"

"அத அப்பால பாத்துக்கலாம்."

ஆறு மாசமாக அவளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. இந்த கிளட்ச் யாருக்கும் மசியாது, எனக்கே எப்போதாவதுதான் மசிகிறது என்று சொல்லித் தட்டிக் கழித்துவந்தேன். எனக்கு அந்த ஜீப்தான் ராஜாங்கம். வீட்டில் என் பேச்சு எடுபடும் ஒரே இடம் அந்த ஸ்டியரிங். அதை விட்டுக்கொடுப்பதாவது. சம்மதித்தேன்.

புதன்கிழமைதோறும் தறி பார்க்கப் போகிற முள்ளிப்பட்டுத் தாய்வீட்டுக்கு அன்றைக்கே அவள் கிளம்பினாள். அம்மாவுக்கு மூட்டு வலியாம், சனிக்கிழமைதான் வருவாளாம். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க ரொம்ப சிரமப்பட்டேன்.

முதலில் ஜன்னல். தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் எடுத்து, தோள் இற்றுப்போகும்வரை தேய்த்தேன். கீறல் மறைந்தது. கூடவே ஜன்னலும் மறைந்தது. மார்கழிப் பனி மாதிரி ஒரே வெள்ளை.

அடுத்து கூரை. இங்கேதான் என் தொழில் அறிவு கைகொடுத்தது என்று நினைத்தேன். நான் பட்டுப்புடவை மேஸ்திரி. வீடுகளுக்குப் பாவும் பட்டும் கொடுத்து நெய்து வாங்குகிறவன். ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஓர் அடையாளம் உண்டு. புடவை முடிகிற மூலையில் ரெண்டு மூணு கலர் இழை விடுவார்கள். அதைப் பார்த்தே இது இன்னார் வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒருமுறை தவறியதில்லை. நூலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் துவண்டால் என்ன போடுவோம்? கஞ்சி. கித்தானும் நூல்தானே?

ஆரணி அரிசியில் ஒரு குண்டான் கஞ்சி காய்ச்சி, கிழிசலைக் கோந்து வைத்து ஒட்டி, கூரை முழுக்க மெழுகினேன். வெயிலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு சிவப்பிரகாசத்தின் பசுவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் கூரையை.

"கஞ்சி வாசனைக்கு வந்துகீது அண்ணே," என்றான் சிவப்பிரகாசம். "வாயில்லா ஜீவன். அதும்மேல தப்பு சொல்ல முடியாது."

"வாயில்லாமதான் இவ்ளோ மென்னுகினு கீதா?"

சாண் கிழிசல் முழக் கிழிசலாகியிருந்தது. இன்னும் நாலு நாள்தான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. என் ஜீப்பை யாரோ ஓட்டிக்கொண்டு போவது போலவே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பிரகாசத்துக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "பேஜார் பண்ணிக்காத அண்ணே. முள்ளிப்பட்டுல ஒரு கை கீது. கித்தான் தெச்சா தையல் எங்கன்னு தேடணும். ஜன்னலும் தொடைச்சிக் குடுப்பாங்க. ஆனா ஆளு யாருன்னு மட்டும் கேக்கக் கூடாது."

"என் பொண்டாட்டி முள்ளிப்பட்டுலதான்டா கீறா."

"அவ்ளோ பெரிய ஊர்ல அண்ணி கண்ணுலயா படப்போவுது?"

முள்ளிப்பட்டு அவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாடு மென்ற கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு எந்த ஊரும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். கூரையையும் ஜன்னல்களையும் கழற்றிச் சுருட்டினோம். மூட்டையை சிவப்பிரகாசத்தின் மொபெட்டில் ஏற்றி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மூட்டை திரும்பியது. பிரித்தேன். 

கிழிசலின் ரெண்டு விளிம்பையும் அறுந்த பாவு நூலைப் பிணைப்பது போல இழை இழையாகச் சேர்த்திருந்தார்கள். அதற்கு அடியில் ஒரு ஒட்டு, மேலே ஒரு ஒட்டு. ஒட்டின் ஓரங்கள் உள்பக்கம் மடிந்திருந்தன. ஊசி போன துளையில் தண்ணீர் இறங்காதபடி நூலுக்கு மெழுகு பூசியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியில் பொத்தான் எத்தனை என்று எண்ணலாம். முப்பது வருஷம் நல்ல வேலை பார்த்தவன் நான். இந்தக் கையை எங்கே இருந்தாலும் கும்பிடலாம் என்று தோன்றியது. ஒரு மூலையில் மட்டும் ரெண்டு சிவப்பு இழையும் ஒரு பச்சை இழையும் நீட்டிக்கொண்டிருந்தன. கத்தரிக்க மறந்துவிட்டார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை தெய்வநாயகி வந்தாள். ஜீப்பை ஒரு சுற்று சுற்றினாள்.

"நீங்களேவா செஞ்சீங்க?"

"பின்ன?"

"ஜன்னலுக்கு இன்னா போட்டீங்க?"

"கொஞ்சம் பொறுமைய போட்டேன்."

"உங்க கையில இவ்ளோ வித்த கீதுன்னு தெரியாம இத்தினி வருசம் குப்ப கொட்டிட்டேங்க," என்றாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ரெண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை, ஆரணியைத் தாண்டியதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூரை கம்முனு கிடந்தது. சேத்துப்பட்டு வரைக்கும் அவள் புடவையில் ஒரு சொட்டு விழவில்லை. வழி முழுக்க நான் தையல் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

புதுமனை வாசலில் பந்தலுக்குக் கீழே மாமியார் வீட்டு ஜனம் முழுக்க ஜீப்பைச் சுற்றி நின்றது. மச்சான் வெற்றிச்செல்வன் கூரையைத் தடவிப் பார்த்தான்.

"எப்பிடி மாமா தெச்சீங்க?"

"அது கைப்பழக்கம்பா. சொல்லிக் குடுத்து வராது."

"மெழுகு?"

"எல்லாம் போட்டேன்."

"ஊசி எந்த ஊசி மாமா?"

"கூரான ஊசி."

சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றிச்செல்வன் அந்த மூலையைத் தூக்கிக் காட்டினான்.

"இது இன்னா மாமா?"

"நூல் மிச்சம்."

"ரெண்டு செவப்பு, ஒரு பச்ச. பதினஞ்சி வருசமா எங்க வூட்டுப் புடவைய இந்த அடையாளம் பாத்துதான மாமா வாங்கறீங்க? சிவப்பிரகாசம் மூட்டைய நேரா எங்க வூட்லதான் எறக்குனாரு, அக்கா ரெண்டு நாளு ராட்டை பக்கத்துல குந்திகினு தெச்சிது. ஜன்னலுக்குப் பல்லு தேய்க்கற பேஸ்ட்ட வெச்சி அது தேய்ச்ச தேய்ப்புல எங்க கையே வலிச்சிது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மூட்டு வலிக்கார மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தார். சாவியை வாங்க தெய்வநாயகி கையை நீட்டினாள்.

முப்பது வருஷத்தில் முதல் முறையாக அடையாளம் தவறியவன் நான். ஆனாலும் மூளை வேலை செய்தது.

"இரு. வெளியாள் கை படக் கூடாதுன்னுதான பேச்சு? நீ என் பொண்டாட்டி. நீ எப்பிடி வெளியாள் ஆவ? சபதம் அப்பிடியேதான் கீது. சாவி என்கிட்டயே இருக்கும்."

கூட்டம் அடங்கியது. தெய்வநாயகி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஆமாங்க. நான் வெளியாள் இல்ல."

ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"அப்ப உங்க வண்டி என் வண்டியும்தானே. திரும்பிப் போவும்போது நான் ஓட்டறேன்."

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். புதன்கிழமைதோறும் தறி பார்க்கப் போகிறேன் என்று முள்ளிப்பட்டுக்குப் போனாளே, அப்போது வெற்றிச்செல்வனின் லோடு வண்டியில் கற்றுக்கொண்டாளாம். லைசென்ஸ் வந்த போன மாசமே சாவியைக் கேட்டிருப்பாளாம், கிழிந்த கூரைக்குக் கீழே ஓட்டப் பிடிக்கவில்லையாம்.

அவள் ஓட்டினாள். எனக்கு மசியாத அந்த கிளட்ச், அவள் கால் பட்டதும் சத்தமில்லாமல் இறங்கியது. எனக்குக் கோபமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. பெருமையைச் சொல்ல அவள் பக்கத்தில் இடமில்லை. முன் சீட்டில் மாமியார். எனக்கு இடம் பின்னாடி, காலிச் சீர்வரிசைக் கூடைகளுக்கு நடுவில்.

ஆரணிக்குள் நுழைந்ததும் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டேன். பயனில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் தெரிந்தவர்கள் ஒருத்தர் விடாமல் எனக்குக் கை அசைத்தார்கள், என் மனைவி ஜன்னலை அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தாள்.