சூடம் அடித்த ஒப்பந்தம்

தவசிக்கு இந்த முறை கணுக்கால் பிசகியது மைதானத்தில் அல்ல. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது.

"பஸ்ஸு நின்னுக்கிட்டுத்தானய்யா இருந்துச்சு?" என்றார் சிவனாண்டி.

"நின்னுக்கிட்டுத்தான்ணே இருந்துச்சு. நாந்தான் நிக்கல."

சிவனாண்டிக்கு உசிலம்பட்டியில் சிமென்ட் கடை. அது பிழைப்பு. ஊர்க் கால்பந்துக் குழுவின் செயலாளர் பதவி, அது மானம். இந்தப் பொங்கல் கோப்பையைக் கோட்டை விட்டால் பதவியைப் பறித்துவிடுவதாக ஊர் சொல்லிவிட்டது. கோப்பையை வாங்கித் தரக்கூடிய இருபத்திரண்டு வயது சித்தார்த் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவன் ஆட வேண்டிய இடத்தில் முப்பத்தாறு வயதுத் தவசி நொண்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் போன வருடத்து வினை. இறுதி ஆட்டத்தில் தவசி பாதி மைதானத்திலிருந்து ஒரு கோல் அடித்தான். சிவனாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. வந்த சந்தோஷத்தில் நேரே கருப்பசாமி கோயிலுக்குப் போய், "இன்னும் அஞ்சு வருசத்துக்கு நம்ம டீம்ல முன்னாடி நிக்கிறது தவசிதான்" என்று எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

வெளிநாட்டுப் பெரிய கிளப்புகளும் வயசான ஆட்டக்காரர்களை இப்படி வருடக்கணக்கில் வளைத்துப் போட்டுவிட்டு முழிப்பதுண்டு. அங்கே வக்கீல் இருக்கிறார். கருப்பசாமியிடம் எந்த வக்கீல் வாதமும் செல்லாது. சூடம் அடித்தவர் சொல்லை மீறக் கூடாது. யாருக்காக அடித்தாரோ அந்த ஆளே கோயிலுக்கு வந்து "விட்டுக் கொடுத்தேன்" என்று சொன்னால்தான் விடுதலை.

"அப்ப தவசியவே நேரா கேட்டுர வேண்டியதுதான?" என்றாள் மனைவி மாயக்காள்.

சிவனாண்டி போனார். தவசி கணுக்காலில் பச்சிலைக் கட்டோடு கட்டிலில் கிடந்தான்.

"தவசி... உடம்பு முடியலேன்னா..."

"சொல்லுங்கண்ணே."

தவசி எழுந்திருக்க முயன்று, முகத்தைச் சுளித்து, சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சிவனாண்டியின் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"முடியலேன்னா சொல்லு, நம்ம வீட்லயே தங்கிக்க. நீ இல்லாம டீம் ஏது?"

அன்று சாயங்காலமே தவசி பெட்டியோடு வந்து இறங்கினான். மாயக்காள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். கணுக்கால் தேறியது. கூடவே தொப்பையும் தேறியது.

கஷ்டம் கொடுத்தால் தானே ஓடிவிடுவான் என்று அடுத்த யோசனை. விடியற்காலையில் கண்மாய்க்கரையை நாலு சுற்று ஓடச் சொன்னார். முதல் சுற்றிலேயே தவசியின் தொடை பிடித்துக்கொண்டது. சிவனாண்டியே முதுகில் தூக்கி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு இடுப்பு வலி.

"இனி ஒருத்தருக்கு வச்ச சூப்ப ரெண்டு பேருக்கு வைக்கணும்," என்றாள் மாயக்காள்.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. திருப்பரங்குன்றம் குழுச் செயலாளர் ராஜகுரு நல்ல ஆட்டக்காரனுக்கு அலைந்துகொண்டிருந்தார். அவர் கூப்பிட்டால் தவசி தானாகவே விட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். தொடை கொஞ்சம் இளகியதும் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டத்துக்கு அவரை வரவழைத்த சிவனாண்டி, பையன்களைத் தனியே கூட்டிப் போய்ச் சொன்னார்: "தவசி பந்தோட வந்தா, எல்லாரும் விழுந்துருங்கடா."

பயல்கள் சொன்னதற்கு மேலேயே செய்தார்கள். தவசி நொண்டி நொண்டி வர, ஆட்கள் சரிந்து சரிந்து விழுந்தார்கள். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதும் ஒருவன் விழுந்தான். தவசி மூன்று கோல் அடித்தான்.

ராஜகுரு ரெண்டு நாள் யோசித்துவிட்டுப் புதன்கிழமை கடைக்கு வந்தார்.

"ஆளு பிரமாதம்ணே. ஆனா ஒண்ணு இடிக்குது. அம்புட்டு நல்லா ஆடுறவன ஏன் விடுறீக? எதும் கோளாறா?"

சிவனாண்டி பதறி எழுந்தார். "விடுறேன்னு யாரு சொன்னா? நீங்க ஆசப்பட்டீகளேன்னு பாத்தேன். நீங்க எடுக்கலேன்னா, இன்னும் அஞ்சு வருசம் சேத்து நானே வச்சுக்குவேன்!"

"அப்படியா? கோயில் பக்கத்துலதான இருக்கு. அதையே சூடம் அடிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

இவர்தான் எடுத்துக்கொள்ளப் போகிறாரே, அடித்தால் என்ன என்று சிவனாண்டி கணக்குப் போட்டார். கோயிலில் பூசாரி பேயாண்டி அவரைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏப்பா சிவனாண்டி, நல்லவேள வந்த. ஒரு சேதி..."

"அப்பறம் பேசலாம் பூசாரி. மொதல்ல சூடத்த ஏத்துங்க."

"அந்தத் தவசி விசயமாத்தேன்..."

"நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன். ஏத்துங்கன்றேன்ல!"

பூசாரி ஏற்றினார். "ராஜகுரு எடுக்கலேன்னா, இன்னும் அஞ்சு வருசத்துக்குத் தவசிதான் எங்க டீம்ல முன்னாடி நிப்பான்!" சிவனாண்டி ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. உள்ளங்கை சுட்டது.

ராஜகுரு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி முன்னால இம்புட்டு உசுரா சொல்றீக. அப்பேர்ப்பட்ட ஆளப் பிரிச்ச பாவம் எங்க டீமுக்கு எதுக்குண்ணே? நீங்களே வச்சுக்கங்க. வாரேன்."

பைக் தேரடி தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. சிவனாண்டி கையை ஊதிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தார். இடுப்பு சுள்ளென்றது.

"இப்பச் சொல்லுங்க பூசாரி. என்ன சேதி?"

பேயாண்டி தட்டைக் கீழே வைத்தார்.

"'நம்ம பயலுக எனக்காக விழுந்து விழுந்து எந்திரிச்சதப் பாத்தேன், இம்புட்டுப் பாசம் வச்சிருக்க அண்ணன் மொகத்துக்கு நேரா முடியலன்னு சொல்ல நாக்கு வரல'ன்னு அழுதுட்டு, உன் பழைய சத்தியத்த தவசி நேத்தே இங்க வந்து விட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டான்பா."