மச்சான் வண்டியின் ஏர்கண்டிஷனை நான் தொட்ட விவரம்

சாம்பியன் ரீஃப்,
23.5.1968, வியாழன்.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் வால்டர் அவர்களுக்கு, உங்கள் தங்கை டெய்சியின் புருஷன் இன்பராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் அவர் கிருபையால் உடம்புக்குச் சுகம். மனசுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நீங்களும் ஐடா அக்காவும் பெங்களூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு படிக்கவும்.

திங்கட்கிழமை எங்கள் மகள், உங்கள் மருமகள் ஞானசுந்தரியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் அனுப்பிய வண்டி நின்றது. அதையும் ஊரே பார்த்தது. அத்தனை பெரிய அமெரிக்கா கார் எங்கள் சுரங்க லைன் வீடுகள் பக்கம் நுழைந்ததே கிடையாது. நீங்கள் டெய்சிக்கு எழுதியிருந்ததை நான் நாலு தரம் படித்தேன். "வண்டியில் ஏர்கண்டிஷன் இருக்கிறது, ஆனால் கேஸ் எங்கேயோ கசிந்து போய்விட்டது, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள், உன் வீட்டுக்காரர் அதைத் தொடக்கூடாது, வண்டி வந்தபடியே திரும்பி வந்தால் இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வருவேன்" என்று எழுதியிருந்தீர்கள். டெய்சி அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அழுதாள் மச்சான். ஆறு வருஷம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வருகிறாரென்று அன்றைக்கே மேல் ரூமை ஒட்டடை அடித்தாள். என் கையைப் பிடித்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்து, "தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். நானும் சொன்னேன். அதோடு விடாமல் என் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னாள்.

ஆறு வருஷத்துக்கு முந்தி கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜை நான் திறந்ததும், உள்ளே இருந்த அம்மோனியா சாப்பாட்டு அறைக்கு வந்ததும், விருந்துக்கு வந்திருந்த உங்கள் ஆபீஸர் தட்டில் கை வைத்தபடியே எழுந்து போனதும், "இனிமே என் வீட்டுச் சாமான் எதையும் தொடாதீங்க" என்று நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்னதும், நான் ரோஷப்பட்டு டெய்சியைக் கூட்டிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் கிளம்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு தினமும் நினைவிருக்கிறது. அவ்வளவும் நினைவில் வைத்துக்கொண்டுதான் மறுபடியும் செய்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஏன் தொட்டாய் என்று கேட்பீர்கள். மே மாசக் காற்றில், தங்கம் எடுத்த கழிவைக் கொட்டி வைத்த சைனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து வந்து சோற்றிலும் தலையிலும் விழுவது நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் உங்களுக்குத் தெரியாததா? கண்ணாடியை இறக்கினால் ஞானத்தின் பட்டுப்புடவை முழுக்கத் தூள். ஏற்றினால் உள்ளே வெந்து போவார்கள். பெற்ற மனசு கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஐஸ் பேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் வீட்டு வாசலில் ஒரு குளிர் மெஷின் குளிராமல் நிற்கிறதே என்ற மானப்பிரச்சினையும் கொஞ்சம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை டெய்சி புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கப் போனாள். நான் பானெட்டைச் சும்மா திறந்து பார்த்தேன். பார்க்கிறது தொடுகிறதில் சேராது என்று நினைத்தேன். ஐஸ் பேக்டரியில் கசிவு கண்டுபிடிக்க முதல் கருவி மூக்கு. எந்த ஜாயின்டில் கசிகிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லுவேன். அந்தப் பேர் எனக்கு உண்டு. உங்கள் வண்டியில் குனிந்து குனிந்து மோந்தேன், ஒரு வாசனையும் இல்லை. அடுத்து, கந்தகக் குச்சி. அதைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்டு பக்கமும் காட்டினால் அம்மோனியா கசிகிற இடத்தில் வெள்ளையாகப் புகை எழும்பும். காட்டினேன், எழும்பவில்லை. அடுத்து, டெய்சியின் துணி சோப்பை நுரைத்து எல்லாக் குழாய்க்கும் பூசினேன். ஒரு நுரைக் குமிழிகூட வரவில்லை. உங்கள் டிரைவர் ராஜப்பா மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு, "சார், இது வேற கேஸு சார். இதுக்கு வாசனையே கெடையாதாம்" என்றான். நான், "வாசனை இல்லாத கேஸ் எந்த ஊர்லப்பா கீது? நீ ஸ்டியரிங்கைப் பாரு" என்றேன். "உங்க இஷ்டம் சார்" என்று அவன் அடுத்த பீடி பற்ற வைத்தான். அவன் இன்னும் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம் மச்சான். தடுக்கவில்லை.

கேஸ் முழுக்கப் போன குழாயில் சோப்பு எப்படி நுரைக்கும்? முதலில் காற்றை ஏற்றிவிட்டு அல்லவா சோப்பு போட வேண்டும்? காற்றடிக்காத சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு பஞ்சர் இல்லை என்று சொன்னவன் நான்! எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு, கசிவு இல்லை, பெங்களூர் மெக்கானிக் ஏமாற்றியிருக்கிறான், கேஸை ரொப்பினால் போதும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த கேஸ் ஒன்றுதான். பேக்டரியில் இன்னும் வேலையில் இருக்கிற ஆபிரகாமிடம் சொன்னேன். அவன் சாயங்காலமே, டெய்சி திரும்பி வருவதற்குள், ஒரு சின்ன சிலிண்டரில் அம்மோனியாவும் கூடவே அவன் ஸ்பேனர்களும் கொண்டுவந்தான். "இன்னாண்ணே, காருக்கு இதையா ஊத்துவாங்க?" என்று கேட்டான். "குளிருக்கு இன்னா ஜாதி மதமா இருக்குது? ஊத்துடா" என்றேன். ஊற்றினோம். குளிர்ந்தது மச்சான்! ஐந்து நிமிஷம் சில்லென்று முகத்தில் அடித்தது. நானும் ஆபிரகாமும் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னோம். பத்திரமாக நிறுத்தி, சோப்பு துடைத்து, மூடிவிட்டேன். டெய்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கோயிலில் மோதிரம் மாற்றி முடிந்து, பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி ஜெயகரன், அவர் சம்சாரம் நாலு பேரும் பின்னால், நான் முன்னால். டெய்சி மற்றவர்களோடு விருந்து ஹாலுக்கு முன்னாலேயே போய்விட்டாள். நான் பெருமையாகக் கண்ணாடியெல்லாம் ஏற்றச் சொல்லி சுவிட்சைத் திருப்பினேன். சம்பந்தி, "அடேயப்பா, ஊட்டி மாதிரி கீதே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்தது ஒரு ஃபர்லாங்தான். மேட்டில் ஏறும்போது என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. டாஷ்போர்டுக்குப் பின்னால், இடது பக்கம், இரண்டாவது ஜாயின்டு. சனிக்கிழமை முழுக்கத் தேடியும் கிடைக்காத கசிவு மச்சான், ஒரே மோப்பத்தில் கிடைத்தது. கத்தி வண்டியை நிறுத்தி நாலு கதவையும் திறப்பதற்குள் நாலு பேர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். யாருக்கும் ஆபத்தில்லை. நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவச் சொன்னேன், சாயங்காலத்துக்குள் எரிச்சல் நின்றது. மீதி வழியைக் கண்ணாடியை இறக்கி, தூளை வாங்கிக்கொண்டே போனோம். நீங்கள் சொன்னது போலவே.

ஹாலில் இறங்கினால் ஜனங்கள் அதிசயித்துப் போனார்கள். பெண் அழுவதைப் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை தேம்பித் தேம்பி அழுவதை யாரும் பார்த்ததில்லை. அவர் அம்மா சொந்தத் தகப்பன் சாவுக்கே கண் கலங்காதவராம். பாதிரி ஐயர் அதைப் பார்த்து, இப்படிப்பட்ட அன்பான குடும்பத்தில் வாழ்க்கைப்பட ஞானசுந்தரி கொடுத்து வைத்தவள் என்று வாழ்த்துரையில் பத்து நிமிஷம் பேசினார். சம்பந்திக்கு விஷயம் தெரியும், ஆனாலும் ஐயர் பேச்சைக் கேட்டு நிஜமாகவே அழுதார். எல்லாரையும் ஏமாற்றலாம். டெய்சியை முடியுமா? இருபத்தெட்டு வருஷம் என் சட்டையைத் துவைத்தவள். கிட்டே வந்து தோளில் ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

"தொட்டீங்களா?" என்றாள். நான் தலைகுனிந்தேன். அதற்குப் பிறகு இந்த மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், பேசவில்லை. மேல் ரூம் கட்டிலுக்கு உங்களுக்கென்று விரித்த புது பெட்ஷீட்டை மடித்துத் திரும்ப டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் மச்சான், நான் என்ன உடைத்தேன் என்று எனக்கு விளங்கியது. ஒரு காரியம் தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை, அதனால் அவளுக்கு இரண்டாம் தரம் அண்ணன் இல்லாமல் போகிறார். டூல் பாக்ஸை ரத்தினம்மாவிடமிருந்து வாங்கி ஆபிரகாமுக்கே கொடுத்துவிட்டேன். கேஸை முழுக்க வெளியேற்றிவிட்டேன். வண்டி நாளைக்குக் கிளம்பும். ரிப்பேருக்கு ஆகிற செலவு என்னுடையது. என்னை மன்னியுங்கள். என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் உங்கள் தங்கைக்காகவாவது கிறிஸ்துமஸுக்கு வந்து போங்கள். நான் அன்றைக்கு ஆபிரகாம் வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

ஐடா அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் வீட்டையும், வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
இன்பராஜ்

பி.கு.: கவரை ஒட்டும்போது ராஜப்பா காபி குடிக்க வந்தான். என் மூஞ்சியைப் பார்த்துப் பாவமாகி உண்மையைக் கக்கிவிட்டான். நீங்கள் அவனிடம் சொல்லி அனுப்பினீர்களாமே, "அவர் கண்டிப்பா தொடுவாரு, நீ தடுக்காதே. வண்டி வந்தபடியே திரும்பிட்டா நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்துக்கினு கெடக்கணும். எதையாவது கழட்டிப் போட்டாருன்னு சேதி வந்தா அன்னிக்கே ரயிலேறிப் போய் சண்டை போடலாம். ஆறு வருஷமா போறதுக்கு ஒரு சாக்கு கெடைக்கல" என்று. டெய்சியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த பெட்ஷீட்டை வெளியே எடுத்தாள். ஆகையால் மச்சான், மேலே எழுதியது எதையும் படிக்காதீங்க. படிச்சிருந்தா தயவுசெய்து மன்னிச்சிடாதீங்க. மன்னிச்சிட்டா அப்புறம் இன்னாத்துக்கு வருவீங்க? வண்டி இங்கேயே நிக்கட்டும், நாளைக்கு அனுப்பல. பங்காருபேட்டையில ரயில் மாறி வாங்க, ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன், அங்கியே ஆரம்பிச்சிடலாம். ஒரே ஒரு சமாச்சாரம். மேல் ரூம் ஃபேன் கரகரன்னு சத்தம் போடுது. டூல் பாக்ஸை ஆபிரகாம் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கினு வந்துட்டேன். இன்னும் தொடல. சீக்கிரம் வாங்க.