அரை மீசைக்கு ஒரு பிளக் பாயின்ட்

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பர்கூர் வரை எந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது, அதில் எது வேலை செய்யும் என்று லைன்மேனைக் கேட்டால் தெரியாது. எங்கள் பிளக்கைக் கேட்டால் தெரியும். நாகரசம்பட்டிக்காரன். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

எல்லாம் அவனுடைய லேப்டாப்பால் வந்தது. நாலு கை மாறி வந்த சாமான். பேட்டரி உப்பிப்போனதும் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டான். சம்பளத்தில் தங்கை படிப்புக்கு அனுப்பியது போக அவனிடம் மிஞ்சியது மீசை ஒன்றுதான். புது பேட்டரிக்கு எங்கே போவான்? பேட்டரி இருந்த பள்ளத்தில் மீசை வாரும் சீப்பை வைத்துக்கொண்டான். வயர் அசைந்தால் லேப்டாப் அந்த நொடியே உயிரை விடும். ஆகவே பையில் லேப்டாப்பைவிடக் கனமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் "வாங்க" என்பதற்குள் அவன் கண் சுவரை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரரின் லைட்டைப் பிடுங்கிவிட்டுத் தன் பாக்ஸைச் செருகினான். அவர் சண்டைக்கு வந்தார்.

"தாலி கட்ட இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுல்லங்க? அதுக்குள்ள டவுன்லோடு முடிஞ்சிரும்" என்று அவருக்கே சமாதானம் சொன்னான்.

ஓசூர் கம்பெனியில் என் டிரெயினி காலம் அந்த மாதக் கடைசியோடு முடிய இருந்தது. வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ, காலை பதினோரு மணிக்கு. கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக் காட்ட வேண்டும், போனில் ஆகாது. பிளக்கின் லேப்டாப்பை விட்டால் எனக்கு நாதியில்லை. கோட்டைவிட்டால் சொந்த ஊரான பர்கூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அன்று பார்த்து டவுன் முழுக்கப் பராமரிப்புப் பணி. ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பிளக்கு பைக் சாவியை எடுத்தான்.

"என்னாத்துக்குடா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு? நம்ம ஊர்லதான் கரண்ட் இல்ல. கர்நாடகால இருக்குதுல்ல?"

அரை மணியில் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு சலூனுக்குள் இருந்தோம். இருந்தது ஒரே பிளக் பாயின்ட், அதில் டிரிம்மர். சும்மா வந்து கரண்ட் கேட்பது மரியாதை இல்லை என்று, மீசை ஓரத்தைச் சரிசெய்யச் சொல்லி பிளக்கு நாற்காலியில் சாய்ந்தான். பத்தரைக்கே என் போன் அடித்தது. "ரெடின்னா இப்பவே ஆரம்பிச்சிரலாமா?" என்றார்கள்.

நான் அலறினேன். பிளக்கு திரும்பினான். டிரிம்மர் திரும்பவில்லை. இடப்பக்க மீசை அவன் மடியில் விழுந்தது.

"ஐயோ சாமி, ஒந்து நிமிஷ, ஒந்து நிமிஷ!" என்று சலூன்காரர் கன்னடத்தில் பதறினார்.

"மீசை மொளைக்குங்க" என்று அவன் டிரிம்மர் வயரைப் பிடுங்கி லேப்டாப் மாட்டிய பாக்ஸைச் செருகினான். பாயின்ட் லூஸ். கையை எடுத்தால் லேப்டாப் செத்தது, அழுத்திப் பிடித்தால் பிழைத்தது. அழுத்திப் பிடித்தபடி நாற்பது நிமிடம் சுவரோடு நின்றான். நாலு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடி நான் பார்த்திராதவன்.

முடியும் நேரத்தில், பேட்டி எடுத்த அதிகாரி, என் பின்னால் சலூன் கண்ணாடியில் தெரிந்த அரை மீசையைக் கவனித்துவிட்டார்.

"பின்னாடி யாருப்பா, சுவத்தைப் புடிச்சிட்டு நிக்கிறது?"

"பவர் சப்ளை, சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.

மீதி மீசையை எடுக்க நேரமில்லை, மதிய ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்படியே வேலைக்குப் போனான். கேட்டவர்களிடம், "பாதி தமிழ்நாடு, பாதி கர்நாடகா" என்றானாம்.

எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அவன் லேப்டாப்புக்குப் புது பேட்டரி வாங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் மீசை நிறைந்திருந்தது. பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதப் போட்டுட்டா சீப்ப எங்கடா வெக்கிறது?" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். அந்தப் பேட்டரி என் மேசை டிராயரில் கிடக்கிறது. என் லேப்டாப்புக்குப் பொருந்தாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை.